புதுப்பிப்பு: சலூன் போகாமலே குதிகால் வெடிப்பு ஆறிவிட்டது

சலூனில் வேறொருவர் காலைப் பிடித்துத் தேய்ப்பது கூச்சமாக இருக்கிறது, பிளேடைக் கண்டால் பயம், வீட்டிலேயே வெடிப்பைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா சொன்ன 25 சதவீத யூரியா கிரீம். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்து, துடைத்த கையோடு தடவிவிட்டுப் பருத்தி சாக்ஸ் போட வேண்டும். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். வினிகர் எனக்கு ஒத்துவரவில்லை, ஆழமான வெடிப்பில் பயங்கர எரிச்சல்.

எதிர்பாராதது ஒன்று. தைப்பூசக் காவடிக்கு டர்பன் வெயிலில் வெறுங்காலோடு நடந்தபோது, மெலிந்த தோலில் தார் ரோட்டின் சூடு நேராக ஏறியது. அடுத்த வருஷம் விரதம் தொடங்கியதுமே கல்லை நிறுத்திவிட்டு கிரீம் மட்டும் போடப்போகிறேன். ஆனால் வெடிப்பு திரும்பப் பிளக்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் தயவுசெய்து கிளினிக்கில் கேட்காமல் ஊறவைப்பது, கல் தேய்ப்பது எதையும் தொடங்காதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலும் தெரியாது.