பெண்கள் கவுண்டர் மேல் இருக்கும் மூன்று வரி

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

நம் தியேட்டரை விற்கப்போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே நமக்குள் பேச்சு ஓடுகிறது. இந்தத் தடவை லீவுக்கு ஊருக்கு வந்தபோது சாவி கேட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். பார்த்ததை முதலில் சொல்கிறேன், பணப் பேச்சு அப்புறம்.

கூரையில் ஒரு பக்கத்து ஓடு பாதிக்கு மேல் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் பறந்ததுதான், திரும்ப மேயவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் நனைந்த சுவர் காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும். ஆனாலும் உத்திரமெல்லாம் நல்ல தேக்கு. ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போய் உளியால் குத்திப் பார்க்கச் சொன்னேன். சுவருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு முனை மட்டும் இற்றிருக்கிறது. மற்றதில் உளி இறங்கவில்லை.

பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுண்டர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு கை மட்டும் நுழைகிற அந்தப் பொந்து. அதற்கு மேலே சுண்ணாம்பு அடை அடையாக உரிந்து நிற்கிறது. சித்தப்பா நகத்தால் சுரண்டினார், அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. துணியை நனைத்து மெல்ல ஒற்றி எடுத்தோம். மேல் வரி மலையாள எழுத்தில், ஸ்த்ரீகள் என்று. அதற்குக் கீழே தமிழில் ‘பெண்கள்’, வேறு ஆள் எழுதியது, நீலமும் வேறு. அதற்கும் கீழே ‘தரை 3 அணா’.

நான் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அடுத்த ஐந்தாவது மாதம், 1957 ஏப்ரல் 1ல், அணா போய் நயாபைசா வந்தது. இரண்டு மாற்றத்தையும் அந்த ஒரு முழச் சுவர் வைத்திருக்கிறது. தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த இணைப்புப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்களைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள், அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி ஐயாவுக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் நம் ஆச்சிமார் மூன்று அணாவை இறுக்கிப் பிடித்துக் கை நீட்டிய இடம் இது ஒன்றுதான். இதை இடித்துவிட்டு அப்புறம் போட்டோவில் காட்டி என்ன பயன்?

அகஸ்தீஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார், 1975ல் காலமானார். கேரளம் அவர் பெயரில் 1992 முதல் விருது கொடுக்கிறது. அவர் எடுத்த படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த கலைவாணர் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன். இப்பேர்ப்பட்டவர்கள் பிறந்து வாழ்ந்த மாவட்டத்தில் பழைய கொட்டகை ஒன்றாவது நிற்க வேண்டாமா?

ஆபரேட்டர் மாமாவையும் அழைத்துப் போயிருந்தேன். மாடிப்படி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் மெஷின் ரூமுக்குள் போனதும் ஆளே மாறிவிட்டார். படம் ஓடும் துவாரத்துக்கு மேல் இரும்பு மூடி இன்னும் தொங்குகிறது, பழைய பிலிம் தீப்பற்றினால் தீ ஹாலுக்குள் போகாமல் அடைப்பதற்கு. ஒரு ரீல் இருபது நிமிஷம், இரண்டு மெஷின். திரையின் வலது மேல் மூலையில் பொட்டு வரும், முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு மாற்ற வேண்டும். “கண்ணைச் சிமிட்டினா போச்சு மக்களே” என்று சொல்லிக்கொண்டே மெஷினுக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சியை நெருக்குவதுபோல் விரலை வைத்துக் காட்டினார். அவர் பேசியதை முழுக்கப் பதிவு செய்திருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியது. தொல்லியல் துறையின் 1958 சட்டப்படி நூறு வருஷமாவது ஆன கட்டடம்தான் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆக முடியும், நம்முடையது அதற்குள் வராது. பாரம்பரியக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012ல் வந்த சட்டத்தின் கீழ் மனு கொடுக்கலாம், கொடுக்கவும் போகிறோம். ஆனால் அதற்குள் இரண்டு மழை வந்துவிடும். அதனால் முதலாளியின் பிள்ளைகளோடு நேரே பேசினோம். தயவுசெய்து அவர்களை யாரும் திட்டி எழுதாதீர்கள். ஓடாத தியேட்டருக்கு இத்தனை வருஷம் வரி கட்டியவர்கள் அவர்கள். நீண்ட காலக் குத்தகைக்குத் தர மனசு இருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள். திரும்பப் படம் ஓட்டுவது நம்மால் ஆகாது. கீழே வாசகசாலையும் கூட்டம் நடத்த ஹாலும், மேலே மெஷின் ரூம் அப்படியே. அதற்குத் தாசில்தாரிடம் பொதுக் கட்டட உரிமம் வாங்க வேண்டும், கட்டடம் உறுதியானது என்று பொறியாளர் சான்றும் வேண்டும்.

பணம் அனுப்புகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மஸ்கட், குவைத், துபாய் எங்கே இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். வெளிநாட்டு நன்கொடைக்கான 2010 சட்டத்தில் நம் சங்கம் பதிவு செய்யவில்லை, அவர்களிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வருத்தப்படாதீர்கள். உங்களிடம் எனக்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டில் பழைய டிக்கெட், நோட்டீஸ், தியேட்டர் திண்ணையில் எடுத்த கல்யாண போட்டோ எது கிடந்தாலும் படம் பிடித்து அனுப்புங்கள். மனுவோடு சேர்க்க வேண்டியது அதுதான்.

இடவப்பாதிக்கு முன்னால் கூரையை மூட வேண்டும். தார்ப்பாய்க்குச் சொல்லிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை கட்டுகிறோம். கவுண்டர் சுவருக்கு மட்டும் தனியாக ஒரு தகரம் சாய்த்திருக்கிறது.