டிராக்டரை டிரெய்லரில் கட்ட எந்த செயின் வாங்கலாம்? (அமெரிக்க ரோட்டில் இழுப்பவர்களுக்கு)

பச்சைவயல்:
கடையில் முதலில் சைஸைத்தான் கேட்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கண்ணியில் அடித்திருக்கும் முத்திரை. அதுதான் கிரேடை, அதாவது செயின் இரும்பின் பலத் தரத்தைச் சொல்லும். 7, 70, 700 என்று இருந்தால் கிரேடு 70. 4 அல்லது 43 என்று இருந்தால் கிரேடு 43. மஞ்சள் பூச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள், பூச்சு எதற்கும் போடலாம். முத்திரை இல்லாத செயினை மத்திய போக்குவரத்து விதி கிரேடு 30 என்றே எடுத்துக்கொள்ளும். 3/8 இன்ச் கிரேடு 70க்கு வேலைச்சுமை (பாதுகாப்பாகத் தாங்கும் அளவு) 6,600 பவுண்டு. அதே தடிமனில் முத்திரை இல்லையென்றால் 2,650தான். இந்த விதி வணிக வண்டிகளுக்கானது. சொந்த வண்டிக்கும் அதே கணக்கை வைத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

லோடர்காரன்:
பலர் கோட்டை விடுவது எடையில். பிரசுரத்தில் 3,000 பவுண்டு என்று போட்டிருக்கும். முன்னால் பக்கெட் தூக்கும் லோடர் 1,000, பின் சக்கரத்தில் ஊற்றிய திரவம் 600, பின்னால் புல் வெட்டும் ரோட்டரி கட்டர் 700 என்று சேர்த்தால் 5,300 ஆகிவிடும். விதிப்படி செயின் கட்டுகளின் மொத்த வேலைச்சுமை இதில் பாதியாவது, அதாவது 2,650 வேண்டும். டிரெய்லர் வளையத்திலிருந்து நேராக டிராக்டரில் போய் மாட்டும் செயினுக்குப் பாதி மதிப்புதான் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. 1/4 இன்ச் கிரேடு 43 (2,600) இரண்டு போட்டால் 1,300 + 1,300 = 2,600. ஐம்பது பவுண்டு குறைகிறது! 5/16 கிரேடு 70 (4,700) நான்கு போட்டால் 2,350 வீதம் 9,400. இந்த அளவு டிராக்டருக்கு 5/16 போதும், 3/8 வாங்கித் தோளில் சுமக்க வேண்டாம்.

இன்னொன்று: பிரேக் போடும்போது டிராக்டர் முன்னால் பாயப் பார்க்கும். அப்போது பிடிப்பது பின்பக்கம் இழுத்துக் கட்டிய இரண்டு செயின்கள்தான். முன்பக்கம் நல்ல செயினும் பின்பக்கம் கிடைத்ததும் போடுவது தலைகீழ் வேலை.

ஒன்பதாம்கியர்:
10,000 பவுண்டும் அதற்கு மேலும் போனால் கதை மாறும். குறைந்தது நாலு கட்டு, ஒவ்வொன்றும் 5,000 பவுண்டுக்குக் குறையக்கூடாது. அங்கே 5/16 கிரேடு 70 அடிபட்டுப் போகும், 4,700தானே! 5/16 கிரேடு 80 கூட 4,500தான். 3/8 கிரேடு 70க்குப் போயிடுங்க. பக்கெட்டைத் தரையோடு இறக்கி அதுக்குத் தனியா ஒரு கட்டு போடணும். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி வச்சுட்டுப் போகக்கூடாது. பின்னால் இருக்கிற கட்டரும் அப்படித்தான்.

பச்சைவயல்:
செயினை இறுக்கிப் பிடிக்கும் பைண்டரையும் பாருங்கள். செயின் 4,700 தாங்கும், 1/4–5/16 சின்ன பைண்டர் பல 2,600ஐத் தாண்டாது. அப்படியானால் அந்தக் கட்டின் பலம் 2,600தான். 5/16–3/8 பைண்டரில் வழக்கமாக 5,400 என்று அடித்திருக்கும். டிரெய்லரின் வளையத்துக்கும் இதே நியாயம்: வளையம் கெட்டியாக இருந்து அதைப் பிடித்திருக்கும் வெல்டிங் துருவேறிக் கிடந்தால் என்ன பயன்? லீவர் பைண்டரில் குழாயைச் செருகி இழுக்காதீர்கள். விடுவிக்கும்போது கைப்பிடி எகிறித் தாடையில் அடிக்கும். ராட்செட் வகையில் அந்தப் பயமில்லை, மெதுவாகத்தான் இறுகும்.

லோடர்காரன்:
மாட்டும் இடம்: பின்னால் டிராபார் (இழுவைக் கம்பி) தாங்கி, முன்னால் சேஸிஸ் அல்லது எடைக்கட்டை பிராக்கெட். ஸ்டியரிங் டை ராடு, லோடர் சிலிண்டர், நால்சக்கர இயக்கத்தின் தண்டு, ஹோஸ் ஓடும் இடம் எதிலும் வேண்டாம். செயின் முனையில் இருக்கும் கிராப் கொக்கி கண்ணியின் குறுக்கே முழுதாக உட்கார வேண்டும். நுனியில் தொங்கினால் சுமை ஏறும்போது வாய் விரியும். செயின் முறுக்கிக்கொண்டிருந்தாலும் பலம் குறையும். டயர் லேசாக அமுங்கும் வரை இறுக்குங்கள். காற்றடித்த டயர் ஆடி ஆடித் தளர்த்திவிடும். அதனால்தான் முதல் 50 மைலுக்குள் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது விதி. நீட்டமான கண்ணி, வெட்டு விழுந்த கண்ணி இருந்தால் அந்தச் செயினை ஒதுக்குங்கள், வெல்டு வைத்து ஒட்ட வேண்டாம்.

புதுடிரெய்லர்:
அப்போ கிரேடு 80 வாங்கிட்டா பிரச்சனையே இல்லையா?

ஒன்பதாம்கியர்:
3/8ல் 6,600க்குப் பதில் 7,100 கிடைக்கும், அவ்வளவுதான். கிரேன்ல தூக்குற வேலையும் அதே செயினுக்கு இருந்தா வாங்குங்க, கிரேடு 70ஐ அதுக்குப் பயன்படுத்தக் கூடாது. டிரெய்லருக்கு மட்டும்னா அந்தக் காசை நாலு ராட்செட் பைண்டர்ல போடுங்க.