சுக்கினி விதைக்கு ‘நேரடி விதைப்பு’ பொருந்துமா? ‘நிலத்தூன்றல்’ என்னும் சொல்லை முன்வைத்து

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பூசணி இனக் காயான சுக்கினியின் விதை உறைகளில் ஆங்கிலத்தில் அச்சாகி வரும் குறிப்புகளை நீலகிரியின் கோத்தகிரி, கூக்கல்தொரை, கேத்திப் பகுதி உழவர்களும் வீட்டுத் தோட்டக்காரர்களும் படித்தவுடன் செய்யத்தக்க தமிழில் எழுதித் தரவேண்டும் என்று தொடங்கிய பணியில், ‘டைரக்ட் சோயிங்’ (நாற்று விடாமல் விதையை நேரே நிலத்தில் இடுதல்) என்ற ஒரு தொடரிலேயே நாம் நின்றுவிட்டோம். நிற்க வேண்டிய இடம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தொடரைப் பிழையாகப் புரிந்துகொண்டால் விதை வீணாகும்; சுக்கினியின் கலப்பின விதை மலிவானதும் அன்று.

> ‘நேரடி விதைப்பு’ வேளாண் நூல்களில் ஏற்கெனவே வழங்கும் சொல். இருப்பதை விட்டுப் புதிதாக ஒன்றை ஆக்குவானேன்?

ஐயா, இருக்கும் சொல்லை எடுத்தாள்வதே முதல் வழி என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ‘நேரடி விதைப்பு’ என்றதும் தமிழ்நாட்டு உழவர் மனத்தில் எழுவது நெல். நாற்றங்கால் விடாமல், நடவு ஆள் கூலி இல்லாமல், வயலிலேயே விதைத்துவிடும் முறையைக் குறிக்க அச்சொல் வேரூன்றிவிட்டது. அங்கே விதையைக் கையால் தெளிப்பதும் உண்டு, கருவி கொண்டு வரிசையில் இடுவதும் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு விதையையும் தனியே கருதுவதில்லை. சுக்கினியிலோ ஒரு செடிக்கு மூன்றடி இடம் வேண்டும். ஒரு குழிக்கு இரண்டே விதை. அவற்றை எந்த ஆழத்தில் வைக்கிறோம் என்பது வரை பார்த்துச் செய்யவேண்டிய வேலை அது. நெல்லுக்குரிய சொல்லை இதற்குச் சூட்டினால் சொல் பொய்யாகிவிடாது. வேலையின் தன்மைதான் மறைந்துவிடும்.

விதையை மண்ணில் சேர்க்கும் செயலுக்கு ஆங்கில உறை பெரும்பாலும் ஒரே வினையைக் கொண்டு காலம் தள்ளுகிறது. நம் மலையில் அப்படி இல்லை. கேரட் விதையைப் பாத்தியில் தூவுகிறோம். முட்டைக்கோசு நாற்றை நடுகிறோம். உருளைக்கிழங்கையும் நடுகிறோம். பட்டாணியையும் பீன்சையும் ஊன்றுகிறோம். பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டுப் பல்லையும் ஊன்றுகிறார்கள். சமவெளியில் சுரைக்கும் பீர்க்குக்கும் புடலைக்கும் குழிக்கு இத்தனை விதை ‘ஊன்றவும்’ என்றுதான் வேளாண் குறிப்புகள் சொல்கின்றன. விதை பெரியதாக இருக்கவேண்டும், கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டும், மண்ணுக்குள் ஓர் அளவு ஆழம் போகவேண்டும், அங்கிருந்து அது எழவேண்டும்: இவ்வளவையும் ‘ஊன்று’ என்னும் ஒரு வினை தாங்கி நிற்கிறது. சுக்கினியும் சுரை, பீர்க்கு, பூசணி இவற்றின் குடும்பமே. ஆகவே நம் சொல்லின் இரண்டாம் பகுதி ‘ஊன்றல்’ என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்பது என் துணிபு.

இனி முதற்பகுதி. குழுவில் மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன: நேரூன்றல், நிலவூன்றல், நிலத்தூன்றல்.

‘நேரூன்றல்’ ஓசைக்கு இனியது. ஆயினும் ‘நேர்’ என்பது ‘நேரடியாக’ என்றும் பொருள்படும், ‘நிமிர்வாக’ என்றும் பொருள்படும். மற்றப் பயிர்களுக்கு இந்த ஈரடி பெரிய தொல்லையாக இராது. சுக்கினிக்கு இது தொல்லையே. ஏனென்றால் இந்த விதையை நிமிர்த்தி வைப்பதா படுக்கவைப்பதா என்பதே தோட்டக்காரர்களிடையே நடக்கும் பேச்சு. தட்டையான விதை மேல் நீர் தங்கி அழுகும் என்று கருதி, விளிம்பு மேலாக நிறுத்தி வைக்கச் சொல்பவர்கள் பலர். படுத்திருக்கும் விதைக்கும் ஒரு நன்மை உண்டு, அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

முளைத்து நான்கைந்து நாள் ஆன விதை ஒன்றை மண்ணிலிருந்து மெல்ல எடுத்து நீரில் அலசிப் பாருங்கள். விதையின் கூர்முனை வழியே வெள்ளை வேர் வெளியே வந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேர் முடிந்து தண்டு தொடங்கும் அந்த வளைவின் உட்புறத்தில், அரிசிக் குறுநொய் அளவுக்கு ஒரு புடைப்பு துருத்திக்கொண்டிருக்கும். விதைத்தோலின் கீழ்ப்பாதியை அது மிதித்துப் பிடித்துக்கொள்ளும். மேலே தண்டு கொக்கிபோல் வளைந்து நிமிர முயலும்போது, தோலின் மேற்பாதி மட்டும் தூக்கப்பட்டு, தோல் இரண்டாகப் பிளந்து, வித்திலைகள் இரண்டும் உருவிக்கொண்டு வெளியேறும். இந்தப் புடைப்பின் வேலையைச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து பூசணி இனத்தில் ஆராய்ந்து 1880இல் விரித்து எழுதியிருக்கிறார். புவியீர்ப்பை உணர்ந்து கீழ்ப்பக்கத்தில் தோன்றும் உறுப்பு அது. விதை படுத்திருக்கும்போதுதான் அதற்குப் பிடிப்பு எளிது. விதையின் கிடை மாறினால் பிடிப்பு தவறி, தோலைத் தொப்பிபோல் தலையில் சுமந்தபடியே நாற்று மேலெழும்புவது உண்டு. ஊன்றும் ஆழம் குறைந்து, மேல்மண் காய்ந்துவிட்டாலும் இதே நிலைதான்.

நிமிர்த்தி வைத்தாலும் விதை முளைக்கிறது என்பதை மறுக்கவில்லை. நீர் தேங்கும் மண்ணில் அவ்வாறு வைப்பவர்களின் காரணமும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் விதையின் கிடையே பேசுபொருளாக இருக்கும் ஒரு பயிருக்கு ‘நேரூன்றல்’ என்று எழுதினால், படிப்பவர் அதை ‘விதையை நேராக நிறுத்து’ என்ற ஏவலாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே அதை விட்டுவிடலாம்.

‘நிலவூன்றல்’ நிலவை நினைவூட்டுகிறது. வளர்பிறை, தேய்பிறை பார்த்து விதைக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், அந்தச் சொல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

‘நிலத்தூன்றல்’ என்பதில் இந்தக் குழப்பங்கள் இல்லை. நிலம் என்னும் சொல் அத்துச் சாரியை பெற்று ஊன்றலோடு புணர்கிறது. நிலத்தடி என்று நாள்தோறும் சொல்கிறோம், அதே புணர்ச்சிதான், எனவே நாவுக்கு அந்நியமாக இராது. இச்சொல்லை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் வேறொன்று. நாற்று வளர்க்கும் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி ஊன்றும் முறைக்குத் ‘தட்டூன்றல்’ என்று ஓர் இணைச்சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது. உறையில் ‘நிலத்தூன்றல் அல்லது தட்டூன்றல்’ என்று எழுதினால், விளக்கம் இல்லாமலேயே தேர்வு தெளிவாகும். ஒரு கலைச்சொல் தனியாக வந்து நிற்பதைவிடத் தன் எதிர்ச்சொல்லையும் கையோடு அழைத்து வருவது நல்லது.

சுக்கினிக்கு இந்த இணை மிகவும் தேவை. வெள்ளரிக் குடும்பத்துச் செடிகளின் வேர் ஒருமுறை கலைந்தால் எளிதில் மீளாது. முட்டைக்கோசு நாற்றைப் பிடுங்கி வேரை உதறி நட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். சுக்கினியை அப்படி நடமுடியாது. தட்டில் வளர்த்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள், மண்கட்டி உடையாமல் எடுத்து நடவேண்டும். விதை பெரிது, முளைப்பு விரைவு, நாற்றுக்காலம் குறைவு என்பதால் மண் போதிய சூடாக இருக்கும் இடத்தில் நிலத்தூன்றலே முதல் தேர்வு. மண் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஆகவே குன்னூரில் நிலத்தூன்றலுக்கு ஏற்ற அதே வாரம் உதகையை அடுத்த தலைக்குந்தாவில் தட்டூன்றலுக்கு மட்டுமே ஏற்றதாக இருக்கக்கூடும். இரண்டு சொற்களும் கைவசம் இருந்தால்தான் இதை ஒரே வரியில் சொல்லமுடியும்.

> உறையில் ‘அவுட்டோர்ஸ்’ என்றும் இருக்கிறதே, அது நிலத்தூன்றலுக்குள் அடங்கிவிடாதா?

அம்மா, அடங்காது. இதைத் தாங்கள் கேட்டது மிகவும் நல்லது. ஆங்கில உறை குளிர்நாட்டு வீட்டுத் தோட்டத்துக்காக எழுதப்பட்டது. அங்கே வீட்டுக்குள் தொட்டியில் விதைப்பது ஒன்று, வெளியே தரையில் விதைப்பது மற்றொன்று, ஆகவே ‘நேராக’ என்பதும் ‘வெளியே’ என்பதும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்கள் உள்ளன. குடிலுக்குள் இருக்கும் பாத்தியிலேயே விதையை ஊன்றலாம். அதுவும் நிலத்தூன்றல்தான், ஆனால் வெளியே அன்று. மறுபுறம், குழித்தட்டை முற்றத்தில் வைத்து ஊன்றினால் அது வெளியே, ஆனால் நிலத்தூன்றல் அன்று. எதில் ஊன்றுகிறோம் என்பது ஒரு கேள்வி, எதன் கீழ் ஊன்றுகிறோம் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குத் ‘திறந்தவெளி’, ‘குடில்’ என்னும் வழக்குச் சொற்களே போதும், புதிதாக எதுவும் வேண்டாம். உறையின் தொடரைத் ‘திறந்தவெளி நிலத்தூன்றல்’ என்று எழுதலாம்.

இதனோடு இணைந்த ஒன்று: உறையில் உள்ள மாதங்களை நாம் மொழிபெயர்க்கவே கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் அச்சான உறை மே கடைசி, ஜூன் என்று சொல்வது அந்நாட்டு உறைபனி ஓய்ந்த கணக்கு. இங்கே உறைபனி பெரும்பாலும் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் ஓய்கிறது; ஜூனிலோ நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அப்போது திறந்தவெளியில் ஊன்றிய விதை ஊறிக் கெடும். தப்பியதை நத்தை தின்னும். உறைபனி நீங்கி, கோடை மழை மண்ணை நனைத்த மார்ச், ஏப்ரல் மாதங்களே நமக்குரிய காலம். நம் உழவர்களுக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று உருளைக்கிழங்குக்கு வழிவழியாக வரும் பருவக் கணக்கு இருக்கிறது. மாதத்துக்குப் பக்கத்தில் கார்போகத் தொடக்கம் என்று எழுதிவிட்டால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

தட்டூன்றிய நாற்றை வெளியே கொண்டுவரும்முன் செய்யும் வேலைக்குக் ‘கடினப்படுத்துதல்’ என்ற சொல் நூல்களில் இருக்கிறது. அதை மாற்றவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. என் விருப்பம் ‘வெளிப்பழக்கல்’. இளங்காளையை ஏருக்குப் பழக்குவதுபோல, ஒரு வாரம் பத்து நாள், முதலில் காலை வெயில், பிறகு காற்று, பிறகு இரவுக் குளிர் என்று சிறிது சிறிதாகக் கூட்டி, நீரைச் சற்றுக் குறைத்து, நாற்றைப் பழக்குகிறோம். ‘கடினப்படுத்து’ என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ‘பழக்கு’ என்றால் செய்முறையே சொல்லுக்குள் இருக்கிறது.

> ‘ஹில்’களில் விதைக்கவும் என்று அமெரிக்க உறையில் உள்ளதைக் ‘குன்றுகளில்’ என்று போட்டிருக்கிறார்கள். திருத்தவேண்டும்.

உடனே திருத்தவேண்டும். மலைநாட்டவர் கையில் போகும் தாளில் அந்தச் சொல் முற்றிலும் தவறான திசையைக் காட்டும். அங்கே குறிக்கப்படுவது மக்கிய எருவோடு மண்ணைக் கூட்டி, ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகக் குவித்த சிறு மேடு. அதன் உச்சியில் விதையை ஊன்றுவார்கள். சமவெளியில் நீர் நிற்கவேண்டும் என்று குழி எடுக்கிறோம், மலையில் நீர் வடியவேண்டும் என்று குவிக்கிறோம். ‘மண்குவியல்’ என்ற எளிய சொல்லே போதும். மேட்டுப்பாத்தி இருந்தால் குவியலும் தேவையில்லை.

காயின் பெயரைச் ‘சீமைச் சுரை’ என்று மாற்றும் முன்மொழிவுக்கு மட்டும் நான் உடன்படவில்லை. சுக்கினி பூசணிப் பேரினத்தைச் சேர்ந்தது, சுரை வேறு பேரினம். நாம் மேரக்காய் என்பதைச் சமவெளியில் சீமைக் கத்தரிக்காய் என்று அழைக்கப்போய், கத்தரிக்கு உறவே இல்லாத கொடிக்கு அந்த உறவு ஒட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையம் மண்டி வரை சுக்கினி என்றே பேசுகிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

மேற்கண்ட சொற்களை வைத்து உறைக்குரிய பகுதியை எழுதிப் பார்த்தேன். குழுவினர் வரிக்கு வரி திருத்தித் தர வேண்டுகிறேன்:

“திறந்தவெளி நிலத்தூன்றல்: உறைபனி நீங்கியபின், மார்ச், ஏப்ரலில் (கார்போகத் தொடக்கத்தில்) ஊன்றவும். மூன்றடி இடைவெளியில் எரு கலந்த மண்குவியல் அமைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் படுக்கைவாட்டில் ஊன்றி, மண் மூடி, ஈரம் காயாமல் காக்கவும். நீர் தேங்கவிட வேண்டாம். முதல் உண்மை இலை விரிந்ததும் வலுவான செடியை விட்டுவிட்டு, மற்றதைப் பிடுங்காமல் அடியில் நறுக்கவும். குளிர் மிகுந்த இடங்களில் தட்டூன்றல் செய்து, வெளிப்பழக்கிய நாற்றை மண்கட்டி உடையாமல் நடவும்.”