மாவுக்கட்டு போட்ட கால், நள்ளிரவில் தாங்காத வலி: டாக்டரை எப்போது எழுப்புவது?

புது நர்ஸ் கேட்டது:

எலும்பு வார்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சாயங்காலம் கட்டு போட்டு வந்த இளைஞர். 11 மணிக்கு வலி என்றார், எழுதியிருந்த ஊசியைப் போட்டேன். 12.30-க்கு மறுபடி கூப்பிட்டார். விரல்கள் சூடாகத்தான் இருந்தன, நிறமும் மாறவில்லை. பாதத்தின் மேல்பக்கம் கட்டைக் கொஞ்சம் வெட்டி விட்டிருந்ததால் தொட்டுப் பார்த்தேன், நாடியும் கிடைத்தது. கூட இருந்த சீனியர், "எலும்பு உடைந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்றார். இன்னொரு தலையணை வைத்துக் காலை உயர்த்திவிட்டு வந்துவிட்டேன். 2 மணிக்கு அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். கட்டைப் பிளந்த பிறகு வலி இறங்கியது, கால் தப்பியது.

நாடிதான் இருந்ததே, நான் வேறு எதைப் பார்த்திருக்க வேண்டும்?

எலும்பு வார்டில் 19 வருடம்:

நாடியை நம்பித்தான் நிறையப் பேர் தாமதிக்கிறார்கள் தங்கச்சி, நானும் தாமதித்திருக்கிறேன். கெண்டைக்காலில் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி இருக்கும் உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம் ஏறினால் முதலில் நசுங்குவது நூல் போன்ற சின்ன ரத்தக்குழாய்கள். பெரிய குழாயில் அழுத்தம் அதிகம் என்பதால் அதில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் பாதத்தில் நாடி துடிக்கும். அது நிற்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இதுதான் காம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்.

நான் முதலில் பார்ப்பது வலியின் போக்கை. முறிவு வலி, ஊசி போட்டு அசையாமல் வைத்தால் கொஞ்சமாவது அடங்கும். இது அடங்காது, ஏறும். அடுத்து, அவரை எதுவும் செய்யச் சொல்லாமல் நானே கால் பெருவிரலை மெதுவாகக் கீழே வளைப்பேன், பிறகு மேலே. அதற்கே துடித்தார் என்றால் எனக்கு அது போதும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொட்டு, இரண்டு காலிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பேன். மரத்துப்போன மாதிரி என்றால் போனை எடுத்துவிடுவேன்.

தலையணை விஷயம். சாதாரண வீக்கத்துக்கு உயர்த்துவது சரி. ஆனால் இந்தச் சந்தேகம் வந்ததும் கால் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். மேலே தூக்கினால், ஏற்கெனவே திணறும் தசைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். கட்டைப் பிளக்கும்போது உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ரத்தத்தில் ஊறிக் காய்ந்த பஞ்சும் இறுக்கும். அப்படியும் வலி இறங்காவிட்டால் உறையையே கீறித் திறக்க வேண்டியிருக்கும். ரத்தம் போகாத தசை ஆறு மணி நேரத்துக்குள்ளேயே மீளாத அளவுக்குக் கெடலாம். 11-க்கும் 2-க்கும் நடுவே போன மூன்று மணி நேரம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

என் மூன்றாம் வருடத்தில் ஒரு குழந்தை. முழங்கைக்கு மேலே முறிவு. மரத்துப்போகிறது என்று சொல்லத் தெரியாத வயசு. அழுகை, சிணுங்கல், அப்பா தொட்டால்கூட உதறல். மருந்து கேட்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்ததை நானே என் கையால் சார்ட்டில் எழுதியிருக்கிறேன். எழுதினேன், படிக்கவில்லை. அந்த விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-லேயே விவரித்த அதே கை. இன்றைக்கும் குழந்தை வலி மருந்து கூடுதலாகக் கேட்டால், சார்ட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை.

பிசியோதெரபி பக்கமிருந்து:

அக்கா சொன்னதோடு ஒன்று. முழங்காலின் வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, எலும்பு முண்டு மாதிரி தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே போகிறது. கட்டின் விளிம்போ கட்டில் கம்பியோ அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிப்போகும். டிராக்‌ஷனில் (எடை தொங்கவிட்டுக் காலை இழுத்து வைப்பது) இருப்பவரின் கால் வெளிப்பக்கம் சாய்ந்தே கிடந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் "பாதத்தை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். விரலை மட்டும் ஆட்டச் சொன்னால் போதாது. கீழ்ப்பக்கம் மடக்குவதைக்கூட ஆட்டுவதாக எடுத்துக்கொண்டு தவறவிடுகிறோம்.

கட்டோடு ஏழு வாரம் படுத்திருந்தவன்:

நான் நர்ஸ் இல்லை, நோயாளி. கட்டுக்குள் குதிகால் நெருப்பாக எரிந்தது. இரண்டு நாள் சொன்னேன், பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் நாள் எரிச்சல் தானாக நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. வாரம் கழித்து வாடை வந்த பிறகு ஜன்னல் மாதிரி வெட்டிப் பார்த்தால் பெரிய புண். எரிச்சல் நின்றது ஆறியதால் இல்லை, அந்த இடத்துத் தோல் உணர்ச்சி இழந்து செத்ததால் என்று பிறகுதான் விளக்கினார்கள். எரிச்சல் என்று சொன்னவர் திடீரென்று அமைதியானால், தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

புது நர்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, இன்னும் ஒன்று. முதுகில் மரப்பு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு வலியே தெரியாதே, அவரிடம் எதைப் பிடிப்பது? அப்புறம், டாக்டரிடம் போனில் எப்படிச் சொல்வது? "வலிக்கிறதாம்" என்றால் "மருந்து கொடுங்கள்" என்று வைத்துவிடுகிறார்கள்.

எலும்பு வார்டில் 19 வருடம்:

மரப்பு ஓடுகிறவரிடம் கையால் பார்க்க வேண்டியதுதான். இரண்டு கால் கெண்டைச்சதையையும் அழுத்தி ஒப்பிடுங்கள், கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று. கட்டு மூடியிருந்தால் விரல் வீக்கம், அசைவு. முதல் நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை பாருங்கள். மரப்பு மருந்தின் அளவை அடிக்கடி ஏற்ற வேண்டி வந்தாலும், மருந்தையும் மீறி வலி எட்டிப் பார்த்தாலும் அதுவே எச்சரிக்கை.

போனில் "வலிக்கிறதாம்" வேண்டாம். "11 மணிக்கு ஊசி போட்டேன், ஒன்றரை மணி நேரமாகியும் வலி ஏறுகிறது, பெருவிரலை வளைத்தால் தாங்கவில்லை, விரலிடுக்கு மரத்திருக்கிறது, காம்பார்ட்மென்ட் என்று சந்தேகப்படுகிறேன், நேரில் வந்து பாருங்கள்." இப்படியே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். 15 நிமிடத்தில் யாரும் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள்.