யப்பான் பாவித்த ரயர்: உள்பக்கம் பார்த்துத் தாற கடை எங்கே?

வணக்கம். வாகன்ஆர் காருக்கு 155/65 ஆர் 14 அளவில் நாலு பாவித்த ரயர் விலை பேசியிருக்கு. பள்ளத்தின் ஆழம் 6 மில்லிமீற்றர். அதை மட்டும் நம்பேலாது. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கிற டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கம் 1618, அதாவது 2018இன் 16ஆவது கிழமை செய்த ரயர். றப்பர் காய்ந்திருந்தால் பள்ளம் இருந்தும் பிரயோசனமில்லை.

நாலில் ஒரு ரயரில் மலை வடிவத்துக்குள் பனிப்பூ அடையாளம். பனிக்கால ரயர்! அந்த மென்மையான றப்பர் எங்கட வெயில் ரோட்டில் கெதியாய்த் தேயும், பிறேக் பிடித்தாலும் தள்ளிப்போய்த்தான் நிற்கும். அது வேண்டாம்.

மற்ற மூன்றிலும் பக்கச்சுவரில் பச் ஒட்டியிருக்கா, காற்றில்லாமல் ஓடி உள்ளே வளையமாய் நசிந்திருக்கா என்று றிம்மில் ஏற்ற முதல் பார்க்கவேணும். யாழ்ப்பாண ரவுனிலோ கோண்டாவில் பக்கமோ லைற் அடித்துப் பார்த்து, சில்லு பலன்சும் செய்து தாற இடம் தெரிந்தால் சொல்லுங்கோ.