போடி வீட்டு குரூப்: பூப்பாறையில் எரிந்த சிவப்பு லைட்

*சின்னவன், 3:12*
பூப்பாறை ஜங்ஷனில் நிற்கிறேன். ராஜகுமாரியில் கிளம்பும்போதே மீட்டரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்தது, இப்போது அணையவே இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பேட்டரி போன வருடம்தான் மாற்றினோம். அப்படியே போடிக்கு இறங்கி வந்துவிடவா?

*அம்மா, 3:13*
சாப்பிட்டாயா? போடிமெட்டில் மேகம் இறங்கிவிட்டது என்று ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள்

*வயரிங் அண்ணன், 3:15*
என்ஜினை அணைத்துவிட்டாயா?

*சின்னவன், 3:15*
இல்லை அண்ணே, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது

*வயரிங் அண்ணன், 3:17*
நல்லது, அணைக்காதே. பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா, சுற்றுகிறதா என்று பார். கையை உள்ளே விடாதே, தோளில் துண்டு கிண்டு இருந்தால் எடுத்துக் காரில் போடு. உன் வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவை, அதாவது ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கேயே அணைத்துவிடு, மெட்டு ஏறுவதற்குள் என்ஜின் கொதித்துவிடும்.

*சின்னவன், 3:20*
பெல்ட் இருக்கிறது, சுற்றுகிறது. தளர்ந்த மாதிரியும் இல்லை

*அத்தான் கோவை, 3:21*
மாப்பிள்ளை, ஓடும்போதே பேட்டரி ஒயர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, ஓடினால் நல்லாயிருக்கிறது. எங்கள் அப்பா அம்பாசடருக்கு அப்படித்தான் பார்ப்பார்

*வயரிங் அண்ணன், 3:22*
ஐயோ அதைச் செய்துவிடாதே தம்பி!! அத்தான், உங்கள் அப்பா பார்த்த அம்பாசடரில் கம்ப்யூட்டர் கிடையாது. இப்போதைய வண்டியில் பேட்டரியைப் பிடுங்கினால், டைனமோ கொஞ்சம் வேலை செய்துகொண்டிருந்தால்கூட வோல்ட் எகிறி அந்தக் கம்ப்யூட்டரை, ஈசிஎம்மைக் காலி செய்துவிடும். டைனமோவுக்குள் இருக்கிற கார்பன் ப்ரஷ்ஷோடு போகிற செலவை ஈசிஎம் வரைக்கும் இழுக்க வேண்டுமா?

*வயரிங் அண்ணன், 3:23*
பூப்பாறையில் பேட்டரி கடை இருக்கும், வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டுக்கும் 14.4 வோல்ட்டுக்கும் நடுவில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். 12ஐச் சுற்றி நின்றால் ஏறவில்லை, இருப்பதை எடுத்துத்தான் ஓடுகிறது.

*ஜீப் மாமா, 3:26*
என்னப்பா இது, ஒரு லைட்டுக்கு இத்தனை பேச்சு. என் ஜீப்புக்கு ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியே வேண்டாம். டீசல் பம்ப் என்ஜினோடு சேர்ந்தே சுற்றுகிறது, நிறுத்த வேண்டுமென்றால் ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டும். டைனமோ செத்த வண்டியில் சாந்தன்பாறையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பகலில் எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறேன்

*வயரிங் அண்ணன், 3:29*
மாமா, உங்கள் ஜீப் வேறு, அவன் பெட்ரோல் கார் வேறு. அவனுக்குத் தொட்டியிலிருந்து பெட்ரோல் தள்ளுகிற பம்ப் கரண்டில் ஓடுகிறது, இன்ஜெக்டர், காயில், கம்ப்யூட்டர் எல்லாம் கரண்ட், ஸ்டீயரிங்கூட கரண்ட். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன், பழைய டீசல் வண்டி நிறையவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயேதான் இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, பிரேக் பெடலும் கல் மாதிரி ஆகிவிடும். மெட்டு இறக்கத்தில் புலியூத்துப் பக்கம் வந்து அது தெரிந்து என்ன பயன்.

*ஜீப் மாமா, 3:30*
அதெல்லாம் தெரியும்

*ஜீப் மாமா, 3:30*
பெல்ட் மாற்றிவிட்டேன் போன மாதம்

*சின்னவன், 3:38*
கடைக்கு வந்துவிட்டேன். ஓடும்போது 12.1 காட்டுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் ஏறவில்லை. கடைச் சேட்டனும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார், அதைப் பிரிக்கிற ஆள் இன்று இல்லையாம்

*அக்கா திருப்பூர், 3:40*
12.1 இருக்கிறதே, பாதிக்கு மேல் இல்லையா? முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், அதிலும் பாதிக்கு மேல் இறக்கம், வந்துவிடலாமே

*வயரிங் அண்ணன், 3:47*
கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதே பாப்பா, எவ்வளவு நேரம், என்னென்ன எரிகிறது, அதுதான் கணக்கு. அவனுடையது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, ஒரு ஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 35 மணி நேரம். எதுவும் போடாமல் என்ஜின் ஓடுவதற்கு மட்டும் சுமாராக 10 ஆம்பியர். ஹெட்லைட் டிம்மில் ஒரு பல்பு 55 வாட், இரண்டும் சேர்த்து 9 ஆம்பியர், அதாவது லைட்டைப் போட்ட நிமிடத்திலிருந்து செலவு இரண்டு மடங்கு. வைப்பர் மூன்று நான்கு, கண்ணாடி மூடிக்கொண்டால் ப்ளோயர் வேறு, சூடேறினால் ரேடியேட்டர் ஃபேன் பத்துக்கு மேல் இழுக்கும். எழுதியிருக்கிற 35ஐயும் எடுக்க முடியாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதுமே வோல்ட் விழுந்து கம்ப்யூட்டர் தடுமாற ஆரம்பித்துவிடும், மேலே குளிர் வேறு. நல்ல வெயிலில் நிறை பேட்டரியோடு என்றால் நானே வா என்று சொல்லியிருப்பேன். இவனுக்கு ராஜகுமாரியிலிருந்தே பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. சட்டியில் பாதிதான் இருக்கிறது, மெட்டில் மேகம், லைட் போடாமல் அந்தப் பதினேழு கொண்டை ஊசியில் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன்.

*அம்மா, 3:48*
வேண்டாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மாமா ஜீப்பில் வா

*சின்னவன், 3:50*
நாளை காலை தாத்தாவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டுமே அம்மா, வண்டி இல்லாமல் எப்படி

*சித்தப்பா சாந்தன்பாறை, 3:52*
எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஆம்பியர். எடுத்து வரச் சொல்லவா? சென்னை வரைக்கும் போகலாம் 😀

*வயரிங் அண்ணன், 3:54*
அதுவும் 12 வோல்ட்தான் சித்தப்பா, கணக்குப்படி ஓடும். ஆனால் ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், பானெட்டுக்குள் நுழையாது, சீட்டில் வைத்து ஒயர் இழுத்தால் முதல் வளைவிலேயே ஆசிட் சரிந்து சீட்டு ஓட்டையாகும். வீட்டில் ஃபேன் ஓட்டட்டும்.

*வயரிங் அண்ணன், 3:55*
தம்பி, கடையில் சார்ஜ் போட்ட சர்வீஸ் பேட்டரி ஒன்று இரவல் கிடைக்குமா கேள். பேட்டரியை சார்ஜுக்கு விட்டுப்போகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக வைத்திருப்பார்கள். உன் பழைய பேட்டரி டிக்கியில் வரட்டும்.

*சின்னவன், 4:03*
இருக்கிறதாம். ஆயிரத்தைந்நூறு அட்வான்ஸ், இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். மீட்டரில் 12.6 காட்டினார். மாட்டிவிடவா?

*வயரிங் அண்ணன், 4:06*
மாட்டு. இப்போது என்ஜினை அணைக்கலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டிவிட்டு இறுக்கிப் பிடி. பழையதைக் கவிழ்க்காமல் நேராக வை, கயிறு போட்டுக் கட்டு.

*ஜீப் மாமா, 4:08*
நான்கரைக்குப் பூப்பாறை வந்துவிடுவேன், ஏலக்காய் எடுக்கப் போன பெண்கள் எல்லாம் ஏறியாகிவிட்டது. நான் முன்னால் போகிறேன், நீ என் பின்னால் ஒட்டி வராமல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வா. நின்றுவிட்டால் இழுக்கக் கயிறும் இருக்கிறது

*அத்தான் கோவை, 4:10*
இறக்கத்தில் நியூட்ரல் போட்டு அணைத்துக்கொண்டே வந்தால் கரண்டும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம் இல்லையா?

*வயரிங் அண்ணன், 4:16*
அத்தான் இன்று ஒரு முடிவோடு இருக்கிறார். அணைத்தால் பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிதான் உதவி இருக்கும், ஸ்டீயரிங் இரும்பாகும், சாவியை முழுக்கத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டியே விடும். திரும்ப ஸ்டார்ட் செய்ய செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் ஒரே இழுப்பில் இழுக்கும். தம்பி, நீ இரண்டாவது கியரிலேயே இறங்கு, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் இன்ஜெக்டர் தானாக மூடிக்கொள்ளும், பெட்ரோல் அப்போதுதான் மிச்சம். பிரேக்கைக் குறைவாக மிதிப்பதால் பிரேக் லைட் கரண்ட்கூட மிச்சம், இரண்டும் சேர்த்து 42 வாட் அது.
ஏசி, பாட்டு, போன் சார்ஜர், ப்ளோயர் எதுவும் வேண்டாம், கண்ணாடியை இறக்கிவிடு. மேகத்துக்குள் நுழைந்தால் மட்டும் டிம் போடு, பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அந்த இடத்தில் லைட்டில் கஞ்சத்தனம் பார்க்காதே, அதற்குத்தான் நிறை பேட்டரி வாங்கியது. வளைவில் ஹாரன் அடி, ஏறி வருகிறவனுக்கு வழி விடு.
வைப்பர் மெதுவாகிறது, ஹாரன் குரல் கம்முகிறது, மீட்டரில் ஏபிஎஸ், ஸ்டீயரிங் லைட்டெல்லாம் சேர்ந்து எரிகிறது என்றால் இனி ஓட்டாதே. அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நில், மாமா கயிற்றோடு வருவார்.

*சின்னவன், 4:17*
சரி அண்ணே

*அம்மா, 4:18*
போன் பார்த்துக்கொண்டே ஓட்டாதே

*சின்னவன், 4:58*
போடிமெட்டு டீக்கடையில் நிற்கிறோம், என்ஜின் ஓடுகிறது. மேகம் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான், டிம் போட்டேன். கடைச் சேட்டன் கொடுத்த குட்டி மீட்டரில் 12.3. அந்தப் பக்கம் கீழே போடி வெயிலில் தெரிகிறது

*வயரிங் அண்ணன், 4:59*
அருமை. டீயைச் சீக்கிரம் குடி, நிற்கும்போதும் 10 ஆம்பியர் போய்க்கொண்டுதான் இருக்கிறது

*அம்மா, 5:34*
என்ன ஆயிற்று

*அம்மா, 5:41*
யாராவது போன் போடுங்களேன்

*அக்கா திருப்பூர், 5:42*
நடுவில் டவர் இருக்காது அம்மா

*ஜீப் மாமா, 5:51*
அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் தாண்டிவிட்டோம். பையன் பின்னால்தான் வருகிறான். எட்டாவது வளைவில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டது, அதனால்தான் தாமதம்

*சின்னவன், 6:14*
வீட்டு வாசலில். 11.9. ஹாரன் கொஞ்சம் கம்மித்தான் அடிக்கிறது. அணைத்துவிடலாமா அண்ணே?

*வயரிங் அண்ணன், 6:15*
இப்போது அணை. இரண்டு பேட்டரியையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள், கடைப் பையனை அனுப்புகிறேன், இரவே சார்ஜில் போட வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். காலை ஆறு மணிக்கு டைனமோவைப் பிரிக்கிறேன், தாத்தாவை எட்டுக்குக் கிளப்பினால் போதும்தானே?

*மறுநாள்*

*வயரிங் அண்ணன், 7:22*
கார்பன் ப்ரஷ் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்று உள்ளே சுற்றுகிற ஸ்லிப் ரிங்கைத் தொடவே இல்லை. அதனால்தான் விட்டு விட்டு எரிந்திருக்கிறது. வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரோடு சேர்த்து ப்ரஷ் மாற்றிவிட்டேன், பேரிங் நன்றாக இருக்கிறது. சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டித்தான் ஸ்டார்ட் செய்தேன், செத்த பேட்டரியைப் புது ரெகுலேட்டர் தலையில் கட்டக் கூடாது. இப்போது 14.1, ஹெட்லைட் போட்டால் 13.9. தாத்தா ஏறலாம்.

*அம்மா, 7:24*
எவ்வளவு தர வேண்டும் என்று சொல் தம்பி. இட்லி கொடுத்துவிடுகிறேன்

*ஜீப் மாமா, 7:30*
பூப்பாறைக்காரர் பேட்டரி யாரிடம் இருக்கிறது? நான் ஏற்கெனவே மெட்டு ஏறிவிட்டேன், நாளைக் காலை ஐந்தரைக்குள் ஜீப்பில் ஏற்றினால்தான் உண்டு. அட்வான்ஸ் சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள்