டுயல் எனர்ஜி சிடியில் அயோடின் அளவு: குறைந்த செறிவில் கூடவும், பெரிய ஃபாண்டமில் குறையவும் காட்டுவது ஏன்?

கேள்வி

வணக்கம். அயோஹெக்சால் 300ஐ (மிலிக்கு 300 மிகி அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து) நீர்க்கச் செய்து, 0, 0.6, 1.5, 3, 6, 15 மிகி/மிலி செறிவுள்ள ஆறு டியூப்களை ஃபாண்டமில் (நோயாளிக்குப் பதிலாக வைக்கும் சோதனை மாதிரி) வைத்து ஸ்கேன் செய்தோம். டுயல் சோர்ஸ் இயந்திரம் (இரண்டு எக்ஸ்-ரே டியூப், இரண்டு டிடெக்டர்); குழாய் மின்னழுத்தம் 80 கேவிபியும் தகர ஃபில்டர் போட்ட 150 கேவிபியும். ஸ்லைஸ் தடிமன் 1 மிமீ. டியூபின் உள்விட்டம் 16 மிமீ.

20 செமீ ஃபாண்டமில் அயோடின் மேப் (ஒவ்வொரு பிக்சலிலும் அயோடின் செறிவைக் காட்டும் படம்) காட்டும் அளவு, மிகி/மிலியில்: 0க்கு 0.3, 0.6க்கு 0.7, 1.5க்கு 1.5, 15க்கு 14.9.
35 செமீ ஃபாண்டமில்: 0க்கு 0.6, 0.6க்கு 0.95, 15க்கு 13.8.

நீர்க்கச் செய்ததில் பிழையா, இயந்திரத்தில் பிழையா? ஒரு நேர்கோட்டைப் பொருத்தித் திருத்திவிடலாமா?

பதில் 1

தாய்க்கரைசலில் (மற்றவற்றை நீர்க்கச் செய்து எடுக்கும் முதல் கரைசலில்) தப்பு என்றால் எல்லாச் செறிவும் ஒரே விகிதத்தில் விலகும், அதுவும் இரண்டு ஃபாண்டமிலும் ஒரே மாதிரி. உங்களுக்கு 20 செமீயில் 15 சரியாக வருகிறது. ஆகவே தாய்க்கரைசலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த முறைக்குச் சில விஷயங்கள்.

அயோஹெக்சால் 300 அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். 20 டிகிரியில் பாகுநிலை 11.8 சென்டிபாய்ஸ், 37 டிகிரியில் 6.3. சாதாரண பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் எடை போட்டு எடுங்கள்: 10 மிலி என்பது சுமார் 13.5 கிராம். அதை 100 மிலி வால்யூமெட்ரிக் குடுவையில் கோடு வரை நிரப்பினால் 30 மிகி/மிலி. அதிலிருந்து 50, 20, 10, 5, 2 மிலி எடுத்துத் தனித்தனியாக 100 மிலி ஆக்கினால் உங்கள் ஐந்து செறிவும் கிடைக்கும். குடுவையை 20 தடவையாவது தலைகீழாகப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கனமான கரைசல் அடியிலேயே தங்கும்.

சலைனில் கரைக்காதீர்கள். அதிலுள்ள குளோரினை மென்பொருள் கொஞ்சம் அயோடினாகவே எண்ணிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது. 0 டியூபிலும் அதே நீர் இருக்கட்டும்.

பதில் 2

நேர்கோட்டைப் பொருத்த அவசரப்பட வேண்டாம். இங்கே இரண்டு வேறு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

முதலாவது, மேப் எதிர்ம மதிப்புகளை வெட்டுகிறது. வெறும் நீரில் பிக்சல்கள் 0க்கு மேலும் கீழும் சமமாகச் சிதற வேண்டும். மென்பொருள் 0க்குக் கீழே உள்ளதையெல்லாம் 0 ஆக்கிவிட்டால் சராசரி மேலே ஏறும். எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்கிடலாம்: 0 டியூபில், பிக்சல் இரைச்சலின் திட்ட விலக்கத்தில் சுமார் 0.4 மடங்கு. விலக்கம் 0.75 மிகி/மிலி என்றால் 0.3 வரும். அதே விலக்கத்துக்கு 0.6 டியூப் 0.69 என்றும் 1.5 டியூப் 1.51 என்றும் படிக்கும். நீங்கள் எழுதிய எண்கள் அப்படியே இவைதான்! 35 செமீயில் விலக்கம் 1.5 ஆனால் 0.6, 0.95. அதுவும் பொருந்துகிறது.

சோதிக்க: 0 டியூபின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஏறத்தாழ பாதி பிக்சல்கள் துல்லியமாக 0 என்றால் சந்தேகமே வேண்டாம். விலக்கத்தை 15 டியூபில் அளக்கவும். 0 டியூபில் அளந்தால் வெட்டுப்பட்ட விலக்கம்தான் கிடைக்கும், அது உண்மையைவிடச் சிறியது.

வழி: 40, 70 கேஇவி மோனோ படங்களை (ஒரே ஆற்றலுள்ள எக்ஸ்-ரேயில் எடுத்ததுபோல் மென்பொருள் கணக்கிடும் படங்கள்) எடுத்து, ஒவ்வொரு டியூபிலும் எச்யூ (சிடி எண்) வித்தியாசத்தைக் கண்டு, 0 டியூபின் வித்தியாசத்தைக் கழியுங்கள். அந்தப் படங்களில் எதிர்ம எச்யூ பத்திரமாக இருக்கும். அயோடினின் எச்யூ 40 கேஇவியில் 70ஐவிடச் சுமார் மூன்று மடங்கு ஏறுவதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆர்ஓஐ (அளவெடுக்கப் படத்தில் வரையும் வட்டம்) விட்டம் 10 மிமீ போதும். சுவரிலிருந்து 3 மிமீ தள்ளி நிற்கும். விளிம்பைக் கூர்மையாக்கும் கெர்னல் (படத்தை உருவாக்கும்போது போடும் கணித வடிகட்டி) வேண்டாம். அளவீட்டுக்கென உள்ள கெர்னலையே எடுங்கள்.

பதில் 3

பதில் 2 சொன்ன இரண்டாவது பிழை, 35 செமீயில் 15க்கு 13.8 வருவது, வேறு கதை. 35 செமீ நீரைத் தாண்டி 80 கேவிபியில் டிடெக்டருக்கு வந்து சேரும் ஃபோட்டான்கள் மிகக் குறைவு. பீம் ஹார்டனிங்கும் (குறைந்த ஆற்றல் கதிர்கள் வழியிலேயே அதிகம் உறிஞ்சப்படுவது), ஒரு எக்ஸ்-ரே டியூபின் சிதறல் மற்ற எக்ஸ்-ரே டியூபின் டிடெக்டரில் விழுவதும் சேர்ந்து குறைந்த ஆற்றல் படத்தைக் கெடுக்கும். இந்த அளவுக்கு 100 கேவிபி, தகர ஃபில்டர் போட்ட 150 கேவிபி ஜோடிக்கு மாறுங்கள். ஆற்றல் பிரிவு சற்றுக் குறையும், ஆனால் இரைச்சல் பெருமளவு இறங்கும்.

ஃபாண்டம் நடுமையத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது டிடெக்டரின் புலம் 33 முதல் 35 செமீதான், அதற்கு வெளியே டுயல் எனர்ஜி தகவலே கிடையாது. ஆறு டியூப்களையும் ஒன்றாக வைத்தால் 15 டியூபிலிருந்து கறுப்புக் கோடு பக்கத்து டியூபில் விழும். அதைத் தனியாக எடுங்கள். சுவரில் ஒட்டிய குமிழ்களைத் தட்டி வெளியேற்றுங்கள்.

கேட்டவர்

ஹிஸ்டோகிராமில் பாதிக்குச் சற்று மேல் துல்லியமாக 0. மோனோ படங்களில் கணக்கிட்டதும் குறைந்த செறிவு சரியாகிவிட்டது. மிக்க நன்றி. அப்படியானால் எந்த அளவுக்குக் கீழே நம்பக் கூடாது?

பதில் 2

0 டியூபையும் 0.6 டியூபையும் ஒரே அமைப்பில் குறைந்தது 10 முறை ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆர்ஓஐ சராசரியை எழுதுங்கள். 0 டியூப் சராசரிகளின் சராசரியோடு அவற்றின் விலக்கத்தை 1.645 மடங்கு கூட்டுங்கள். அதன்மேல் 0.6 டியூபின் விலக்கத்தையும் 1.645 மடங்கு கூட்டுங்கள். வருவதே கண்டறியும் வரம்பு. பிக்சல் விலக்கத்தை இங்கே போடக் கூடாது: பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்புடையது, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரம்பு பொய்யாகச் சிறியதாகத் தெரியும்.

20, 35 செமீ இரண்டுக்கும் தனித்தனி வரம்பு, தனித்தனி நேர்கோடு. இடைப்பட்ட அளவுக்கு 28 செமீ வாக்கில் இன்னொன்றும் எடுத்துவிடுங்கள்.